சாய்ந்து விழுந்த ஏழு

சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை லோரீன் மேபரி முதல் தடவை படித்தபோது, இதெல்லாம் திருடர்களுக்கு எழுதியது, நமக்கென்ன என்று விட்டுவிட்டாள். வரிசை நகரவில்லை. படிக்க வேறு எதுவும் இல்லாததால் இரண்டாம் தடவையும் படித்தாள்.

‘இன்ஜின் அல்லது சேஸிஸ் எண் தேய்க்கப்பட்டோ, அழிக்கப்பட்டோ, மாற்றப்பட்டோ இருந்தால் வண்டி இங்கேயே பறிமுதல் செய்யப்படும். எண்ணை அழிப்பது குற்றம். ஐந்தாண்டு வரை சிறை.’

தேய்க்கப்பட்டோ. அந்த ஒரு சொல்லில் கண் குத்திட்டு நின்றுவிட்டது.

நெடுஞ்சாலை போலீஸ் நிலையத்தின் பின்பக்கத்து முற்றம் அது. மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை, வீட்டில் சொந்தமாகச் செய்த வண்டிகளுக்கு அங்கே சோதனை. சோதனை முடிந்து கையெழுத்தானால்தான் மோட்டார் வாகன அலுவலகத்தில் பதிவு, பதிவானால்தான் நம்பர் பிளேட், நம்பர் பிளேட் வந்தால்தான் தெருவில் சக்கரம் படலாம். அதனால் அங்கே வரும் வண்டிகள் எல்லாமே டிரெயிலர் மேல் ஏறித்தான் வரும், கல்யாணப் பெண்ணைப் போலப் போர்வை போர்த்திக்கொண்டு. அன்றைக்கு லோரீனுக்கு முன்னால் இரண்டு டிரெயிலர், பின்னால் ஒன்று. இடப்பக்கம் கம்பி வேலி, வலப்பக்கம் சுவர். உள்ளே வந்தவன் சோதனைக் கொட்டகையைக் கடந்துதான் வெளியே போக முடியும்.

அவர்களுடைய வண்டி கருஞ்சிவப்பு. முப்பத்துநாலாம் வருஷத்துக் கூரையில்லாத காரின் அச்சு அசல் நகல்; உடம்பு ஃபைபர், சேஸிஸ் புதிதாக வாங்கியது. இன்ஜின் மட்டும் லோரீனின் பழைய பிக்கப்பினுடையது. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு அந்தப் பிக்கப்பின் உடம்பை அரித்துத் தின்றுவிட்டது, இன்ஜின் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அதைக் கழற்றி இதில் வைத்து, லோரீனும் அவள் புருஷன் டெல்மாரும் ஐந்து குளிர்காலம் ஷெட்டுக்குள் கிடந்து உழைத்ததின் பலன்தான் டிரெயிலர் மேல் நின்றது.

லோரீனிடம் ஒரு வியாதி உண்டு. சுத்தம். பதினேழு வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள்; அவள் பஸ்ஸின் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் டெல்மார் முட்டி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஷெட்டில் ஸ்டாண்டு மேல் நின்ற இன்ஜினுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று உட்கார்ந்தாள். வார்ப்பில் இருந்த பிசிறுகளையெல்லாம் கிரைண்டர் போட்டு வழித்தாள். இன்ஜினின் முன்பக்கம், வலது சிலிண்டர் தலைக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு தட்டையான மேடு. அதில் ஏதோ எழுத்தும் எண்ணும். அழுக்கு அடைந்து அசிங்கமாக இருந்தது. தொழிற்சாலையில் எவனோ கிறுக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்து, அரத்தை எடுத்து அரை மணி நேரம் இழைத்தாள். முகம் பார்க்கலாம் போல ஆனது. அதன் மேல் சிவப்பு பெயின்ட் அடித்தாள். டெல்மார் ஊன்றுகோலோடு வந்து பார்த்து, “அடேங்கப்பா, நகைக்கடை மாதிரி இருக்கே!” என்று மெச்சியபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த பொம்பளைக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. கடைக்காரன் மாதிரி இன்ஜினை வாங்கி விற்றால் தெரிந்திருக்கும். அவளுக்கு இருந்தது ஒரே இன்ஜின், அதுவும் அவளுடையது.

இப்போது அந்த மேட்டில் எட்டு எழுத்து இருந்திருக்க வேண்டும். அவள் மடியில் கிடந்த பிக்கப்பின் உரிமைப் பத்திரத்தில் அதே எட்டு எழுத்து இருந்தது. விண்ணப்பத்தில் ‘இன்ஜின் எங்கிருந்து’ என்ற கட்டத்தில் அதைத்தான் எழுதி, அரை மணி நேரத்துக்கு முன்னால் சன்னலில் கொடுத்திருந்தாள்.

“டெல்மார்.”

“ம்.” டிரெயிலரை இழுத்து வந்த ட்ரக்கின் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தான் அவன்.

“அந்த போர்டைப் படி.”

“படிச்சேன். பார்க்கிங் ஒரு மணி நேரத்துக்கு மேல...”

“அது இல்ல. பக்கத்துல இருக்கறது. மெதுவா படி.”

படித்தான். தோளைக் குலுக்கினான். “அதுக்கென்ன? நம்ம இன்ஜின் நம்மளது. பேப்பர் கையில இருக்கு.”

“நம்பர் இல்ல.”

“எந்த நம்பர்?”

“இன்ஜின்ல. நான் இழைச்சுட்டேன். நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ. அழுக்கா இருக்குன்னு...” மடியிலிருந்த பத்திரத்தைப் பார்த்தாள். “அரம் போட்டு இழைச்சுட்டேன் டெல்மார்.”

ரொட்டி அவன் வாயில் அப்படியே நின்றது. இறங்கினான். கெட்டுப்போன முட்டியை இழுத்துக்கொண்டு டிரெயிலரின் பக்கத்துக்குப் போய், எக்கி, பானெட்டின் பக்கத் தகடைத் தூக்கிப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. லோரீனும் இறங்கி நின்றாள்.

“ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“ஏன் நீ ஒரு தடவையாவது பாக்கல? ரெண்டு வருஷமா அதுக்குப் பக்கத்துலதானே கையை வெச்சிட்டிருந்த?”

“பெயின்ட் அடிச்சிருக்கு, அடியில நம்பர் இருக்கும்னு நினைச்சேன்.” கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “லோரீன், நம்பரைத் தேய்க்கறவன் யாரு தெரியுமா? திருட்டு வண்டி விக்கறவன். அவன் ஒருத்தன்தான் தேய்ப்பான். நாம சொன்னா நம்புவாங்களா?”

அவளுக்கு வண்டி போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. அய்யோ, அதைச் சொல்லும்போதே ஈரக்குலை பதறியதுதான், ஆனாலும் போகட்டும். வேலை? ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்கள் மேல் வருஷா வருஷம் போலீஸ் பதிவைப் புரட்டிப் பார்ப்பார்கள். குற்ற வழக்கு என்று ஒரு வரி விழுந்தால் போதும், அன்றைக்கே பஸ் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு. டெல்மாரின் இதய மாத்திரை அதில்தான் வருகிறது. மார்ச் மாதம் இன்னொரு முட்டிக்கு ஆபரேஷன் குறித்திருக்கிறார்கள். ஐம்பத்துநாலு வயதில் குற்றவாளிப் பட்டம் கட்டிக்கொண்டு எந்த வாசலில் போய் வேலை கேட்பது?

“திரும்பிப் போயிடலாம்” என்றாள்.

அவளே திரும்பிப் பார்த்தாள். பின்னால் க்ளோவிஸ் பீக்கின் டிரெயிலர் மூக்கை உரசிக்கொண்டு நின்றது. க்ளோவிஸ் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் அவன் கடிதம் போடாத வீடும் இல்லை, பேசாத வம்பும் இல்லை. இவர்கள் முகத்தைப் பார்த்ததும் கையில் காப்பி டம்ளரோடு இறங்கி வந்துவிட்டான்.

“என்ன மிஸ் லோரீன், ரெண்டு பேரும் சாவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? பிரேக் விளக்கு எரியலையா?”

“ஒண்ணுமில்ல க்ளோவிஸ். நீ கொஞ்சம் பின்னால எடுத்தா நாங்க வெளிய போயிடுவோம். ஒரு பேப்பரை வீட்டுலயே விட்டுட்டோம்.”

“ஐயையோ, அந்தத் தப்பை மட்டும் செஞ்சிடாதீங்க!” க்ளோவிஸ் குரலைத் தாழ்த்தினான், அவன் தாழ்த்தினால் தெருக்கோடி வரைதான் கேட்கும். “போன வசந்தத்துல ஒருத்தன் இப்படித்தான், பேரைக் குடுத்துட்டு வரிசையிலேர்ந்து நழுவினான். மறுநாள் காலைல அவன் பல்லு விளக்கறதுக்குள்ள வாசல்ல ரெண்டு போலீஸ் வண்டி. ஷெட்டைத் தலைகீழாக் கவுத்துட்டாங்க. ஓடறவனைத்தானே தொரத்துவாங்க?”

“அவன் திருடனா?” டெல்மார் கேட்டான்.

“யாருக்குத் தெரியும்? வயித்துப்போக்கா கூட இருக்கும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான் க்ளோவிஸ். அந்தக் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவன் கைச்சரக்கு என்பது கடவுளுக்கே வெளிச்சம். லோரீன் ஒரு வார்த்தை விடாமல் நம்பினாள். பயந்தவளுக்கு எல்லாக் கதையும் சத்தியம்தான்.

அவன் போனதும் லோரீன் சட்டென்று சொன்னாள். “நான் போய் சொல்லிடறேன். தெரியாம செஞ்சுட்டேன்னு. உள்ளதைச் சொல்லிடறேன்.”

டெல்மார் தடுக்கும் முன்னே கொட்டகையை நோக்கி நடந்தாள். சோதனை பார்க்கும் சார்ஜென்ட் ரக்மன் அங்கே முதல் வண்டிக்காரனோடு நின்றுகொண்டிருந்தான். ஆள் ஆறரை அடி, தொப்பி வேறு. வண்டிக்காரன் ஏதோ கெஞ்சினான். ரக்மன் கையிலிருந்த அட்டையைத் தொடையில் அறைந்தான்.

“கதை வேணாங்கய்யா எனக்கு! கியர்பாக்ஸ் எங்க வாங்கினீங்க, ரசீது எங்க? அத்தை பையன் குடுத்தான், அவன் செத்துட்டான்னா நான் எங்க போய்க் கேக்கறது? பேப்பர் இருந்தா நில்லுங்க, இல்லைன்னா அடுத்த மாசம் வாங்க. அடுத்தது!”

லோரீனின் கால் தானாக நின்றது. ஒரு ரசீது இல்லாததற்கே இந்தக் காட்டுக் கத்தல் என்றால், அரம் போட்டு இழைத்தவளை என்ன செய்வான்? தண்ணீர்க் குழாயைத் தேடி வந்தவள் மாதிரி நாலாபக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். இருபது தப்படி இருக்கும். அந்த இருபது தப்படியை அதற்கப்புறம் எத்தனை தடவை மனதுக்குள் நடந்தாளோ, கணக்கில்லை.

டெல்மார் அதற்குள் ட்ரக்கின் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். அவன் கையில் ஒரு நீல டப்பா. சுத்தியலால் அடித்தால் உலோகத்தில் எழுத்தும் எண்ணும் பதியும் இரும்பு அச்சுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். தகடுகளுக்கு அடையாளம் போட வாங்கியது.

“வேணாம்” என்றாள் லோரீன்.

“கேளு. பொய் நம்பரா அடிக்கப் போறோம்? அதே நம்பர். பத்திரத்துல இருக்கற உன் நம்பர். எடுத்ததைத் திருப்பி வைக்கறோம், அவ்வளவுதான்.”

“அந்த போர்டுல மாத்தப்பட்டோன்னும் போட்டிருக்கு.”

“தேய்ச்சதுக்கும் அஞ்சு வருஷம், அடிச்சதுக்கும் அஞ்சு வருஷம். தேய்ச்சது கண்ணுக்குத் தெரியும், அடிச்சது தெரியாது. நீயே சொல்லு, எது நல்லது?”

முன்னால் ஒரு டிரெயிலர் நகர்ந்தது. இன்னும் ஒன்றுதான்.

டெல்மாரால் டிரெயிலர் மேல் ஏறிக் குனிய முடியாது, முட்டி மடங்காது. அதனால் அவளேதான் ஏற வேண்டியிருந்தது. அவன் கீழே நின்று பத்திரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அச்சை எடுத்துக் கொடுக்க, போர்வையைத் தோளுக்கு மேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டு லோரீன் இன்ஜினுக்குள் தலையை விட்டாள். கத்தி முனையால் பெயின்டைச் சுரண்டினாள். தான் இழைத்த இழைப்பு பளபளவென்று அவளைப் பார்த்தது. பாவி, எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாய்!

“எட்டு” என்றான் டெல்மார் ரகசியமாக.

சுத்தியலை ஓங்கினாள். டங். அந்தச் சத்தம் மாவட்டம் முழுக்கக் கேட்டது போலிருந்தது.

“ஜே.”

டங்.

“என்ன மிஸ் லோரீன்!” க்ளோவிஸின் குரல். “இன்னும் வண்டி செஞ்சு முடியலையா? கொட்டாய் வாசல்ல வந்து செய்யறீங்க?”

“ஒரு... ஒரு கிளிப் லூசு!” என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அக்டோபர் மாதக் குளிரில் வியர்வை.

“க்ளோவிஸ், ரொட்டி சாப்பிடறியா? நாலு இருக்கு” என்று டெல்மார் இரண்டெட்டு எடுத்து வைத்து அவனை மடக்கினான். பத்திரத்தையும் டப்பாவையும் அவள் முன்னால் போட்டுவிட்டுப் போயிருந்தான். மிச்சத்தை அவளே படித்து அவளே அடித்தாள். நாலு. ஒன்று. ஏழை வைத்து ஓங்கும்போது போலீஸ் நிலையத்தின் கதவு எங்கோ படாரென்று சாத்தியது. கை உதறியது. டங். அச்சை எடுத்துப் பார்த்தாள். ஏழு வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது, குடிகாரன் கம்பத்தில் சாய்ந்த மாதிரி. அதை நிமிர்த்த இனி யாராலும் ஆகாது. ஆறு, மூன்று, இரண்டு. விரலில் கிரீஸைத் தொட்டு, டிரெயிலர் தரையில் கிடந்த தூசியையும் சேர்த்து அதன் மேல் அப்பித் தேய்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை வேண்டுமென்றே அழுக்காக்கினாள்.

“அடுத்தது! மேபரி!”

போர்வையை உருவிப் போட்டுவிட்டு இறங்கினாள்.

சார்ஜென்ட் ரக்மன் கிட்டத்தில் அவ்வளவு மோசமாக இல்லை. கண்ணாடி போட்டிருந்தான், சட்டையில் காப்பிக் கறை. “அழகான வண்டி மேடம்” என்றான். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. விளக்குகளைப் பார்த்தான், ஹாரனை அழுத்தினான், சீட் பெல்ட்டை இழுத்தான். சேஸிஸ் கம்பெனிக்காரன் கொடுத்த சான்றிதழைப் பார்த்து டிக் போட்டான். ரசீதுகளைச் சரசரவென்று புரட்டினான்.

“போட்டோ?”

இந்த மாதிரி வண்டி செய்கிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படம் எடுத்து ஆல்பம் வைத்திருப்பார்கள். குழந்தைக்குக்கூட அத்தனை படம் எடுக்க மாட்டார்கள். லோரீன் அதை நீட்டினாள். நீட்டிய கணத்தில்தான் ஞாபகம் வந்தது. பிக்கப்பிலிருந்து இன்ஜினைத் தூக்கிய அன்றைக்கு, சங்கிலியில் தொங்கும்போது, கிட்டத்தில் எடுத்த படம். தட்டை மேடு, அதன் மேல் எட்டு எழுத்து. அதில் ஏழு நேராக நிற்கும்.

ரக்மன் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினான். சேஸிஸ் வந்த நாள். பிக்கப் வாசலில். அடுத்த பக்கத்தில்தான் அந்தப் படம். அவன் கட்டைவிரல் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. கடவுளே, கடவுளே, கடவுளே.

இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. டெல்மார் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்க, அவன் தொந்தி மேல் பூனை தூங்கும் படம். ரக்மன் கடகடவென்று சிரித்தான்.

“இவர்தான் சூப்பர்வைசரா?”

“ஆமா, சம்பளம் மீன்லதான்” என்றான் டெல்மார், காய்ந்த குரலில்.

ஆல்பத்தை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, ரக்மன் டார்ச்சை எடுத்தான். தகடைத் தூக்கிக் குனிந்தான். எட்டு, ஜே, நாலு, ஒன்று என்று படித்துக்கொண்டே வந்தவன், நிறுத்தினான். கட்டைவிரலால் ஏழைத் தடவினான். விரலைப் பார்த்தான், கிரீஸைப் பார்த்தான். பக்கத்தில் டெல்மார் எச்சில் விழுங்கும் சத்தம் லோரீனுக்குக் கேட்டது.

“இதை அடிச்சவன் திங்கக்கிழமை காலைல வேலைக்கு வந்திருப்பான் போல” என்றான் ரக்மன். “முந்தின நாள் ராத்திரி தலைக்கேறினது இறங்கல.”

சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் காட்டினாள்.

அவன் போனை எடுத்து அந்த எண்ணைக் கிட்டத்தில் படம் பிடித்தான். “கோப்புக்கு” என்றான். பிறகு அட்டையைத் திருப்பி நீட்டினான். “இங்க ஒரு கையெழுத்து. எந்த நம்பரையும் நீங்க தொடல, மாத்தல, சத்தியம்னு.”

தொடவில்லை, மாற்றவில்லை. பேனா அவள் கையில் நழுவியது. ஒரு மூச்சு நேரம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டாள்.

ஆயிற்று. முத்திரை விழுந்தது. டெல்மார் ட்ரக்கைக் கொட்டகைக்கு வெளியே இழுத்து ஓரமாக நிறுத்தினான். பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் தாளை உள்ளே அச்செடுக்கிறார்கள், பத்து நிமிஷம் இருங்கள் என்றார்கள். டெல்மாருக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

“நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?”

ட்ரக்கின் சன்னல் திறந்திருந்தது. கொட்டகைக்குள் க்ளோவிஸின் முறை.

“ஆபீசர், எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்” என்று அவன் குரல் வந்தது, ஊருக்கே கேட்கும்படி. “என் இன்ஜின்ல நம்பர் கிடையாது. பட்டறைல குடுத்து மேல்தளத்தைச் சீவச் சொன்னேன், அந்தக் கழுதை நம்பரையும் சேர்த்து வழிச்சுட்டான். எனக்கே நேத்துதான் தெரியும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க.”

லோரீன் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். பாவி மனுஷா, ஏன் வாயைத் திறந்தாய்! விலங்கு மாட்டும் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

ரக்மன் பெருமூச்சு விட்டான். “இந்த மாசம் நீங்க நாலாவது ஆள். பழைய வண்டிப் பத்திரம் இருக்கா?”

“இருக்கு.”

“தேய்க்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது?”

“ஒண்ணு இருக்கு, மங்கலா.”

“போதும். அந்த அலமாரில பச்சை ஃபாரம் இருக்கும், எடுத்து நிரப்புங்க. இன்ஜினுக்குப் புது நம்பர் நாங்களே குடுப்போம். ரெண்டு வாரம் ஆகும்.”

“அப்போ அந்த போர்டு? அஞ்சு வருஷம், பறிமுதல்னெல்லாம்...”

“அட, அது மறைக்கறவனுக்குய்யா. வந்து சொல்றவனை நான் எதுக்குப் புடிக்கணும்? எனக்கு வேற வேலை இல்லையா?”

டெல்மாரின் தாளம் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்க முடியவில்லை.

“ரெண்டு வாரம்” என்றாள் லோரீன். “ரெண்டே வாரம், டெல்மார்.”

“நமக்கு எப்படித் தெரியும்?”

“நான் பாதி தூரம் போனேன்.”

“இப்போ போய்ச் சொன்னா?” என்று டெல்மார் ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டான். இப்போது சொன்னால் அது தெரியாமல் செய்த தப்பு இல்லை. கள்ள முத்திரை, அதற்கு மேல் பொய்ச் சத்தியம். காலையில் இங்கே வரும்போது அவள் எந்தக் குற்றமும் செய்யாதவள். அது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். குற்றம் பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இந்த முற்றத்தில், போலீஸ்காரன் நூறடி தள்ளி நிற்கும்போது, அவள் கையாலேயே நடந்தது.

மடியிலிருந்த ஆல்பத்தைத் திறந்தாள். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களை நகத்தால் பிரித்தாள். படம் துல்லியமாக இருந்தது. வெயிலில், சங்கிலியில் தொங்கும் இன்ஜின். எட்டு எழுத்தும் எண்ணி எடுக்கலாம். நேராக நிற்கும் ஏழு. க்ளோவிஸின் மங்கலான படமே போதும் என்றால், இது? இதைக் காட்டியிருந்தால் அவளைக் கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது சாய்ந்த ஏழின் படம் கோப்புக்கென்று ரக்மனின் போனில் கிடக்கிறது. இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் யாராவது ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது.

“அதை என்ன பண்ணப் போற?” என்றான் டெல்மார்.

அவள் படத்தை உருவினாள். இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், எண் இருந்த துண்டைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். துண்டுகளை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

சன்னலில் டக் டக்கென்று தட்டினார்கள். லோரீன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். ரக்மன், கையில் தாளோடு, குனிந்து சிரித்துக்கொண்டு நின்றான்.

“இந்தாங்க மேடம். இதை எடுத்துட்டு நேரா பதிவு ஆபீஸுக்குப் போனா இன்னிக்கே பிளேட் கிடைச்சிடும்.” தாளை அவள் மடியில் வைத்தான். அவள் வலது கை திறக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. அவன் பார்வை ஆல்பத்துக்குப் போயிற்று. “அப்புறம் அந்த ஆல்பத்தைப் பத்திரமா வெச்சுக்கங்க. வண்டியை விக்கும்போதோ, எங்கயாவது வழியில நிறுத்தும்போதோ யாராவது இன்ஜினைப் பத்திக் கேட்டா, உங்களுக்கு அதை விட்டா வேற சாட்சி கிடையாது.”

“சரி ஆபீசர்” என்றாள் லோரீன்.

“நல்லா ஓட்டுங்க” என்று கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவன் போனான்.

டெல்மார் ட்ரக்கைக் கிளப்பினான். வாசலைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்கள். பதிவு அலுவலகத்துக்குத் திரும்பும் வழி வந்ததும் டெல்மார் வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டரைப் போட்டு, அவளைப் பார்த்தான்.

“வீட்டுக்குப் போ” என்றாள் லோரீன்.